பொட்டு வெச்ச சீமை பஸ்

ஒரு ஊர்ல ஒரு அலமாரி இருந்துச்சாம். ராஜா இல்ல, ராணி இல்ல, அலமாரிதான். அதுக்குக் கண்ணாடிக் கதவு. கதவுக்கு ஒரு குட்டிப் பூட்டு. உள்ள நாப்பத்தோரு பஸ் நின்னுக்கிட்டு இருந்துச்சாம்.

சிரிக்காத. ம் சொல்லு.

ம்.

நிஜ பஸ் எழுபத்தாறு மடங்கு சுருங்கிப் போனா எவ்வளவு இருக்கும்? என் உள்ளங்கை நீளம் இருக்கும். அவ்வளவுதான் ஒவ்வொண்ணும். எல்லாம் சீமை பஸ். அந்தக் காலத்துல இங்கிலாந்துல ஓடின பஸ்ஸைப் பாத்துப் பாத்து உலோகத்துல வார்த்துச் செஞ்சது. ரெட்டை மாடி பஸ் இருக்கும், செக்கச்செவேல்னு. பின்பக்கமா ஏறணும். டிரைவருக்கு முன்னால தனியா ஒரு அறை, அவர் பக்கத்துல நீட்டமா இன்ஜின் மூக்கு. நெத்தியில எறும்புக் கால் மாதிரி எழுத்துல ஊர் பேர். ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா உள்ள சீட்டு, சீட்டுக்குப் பின்னால கைப்பிடிக் கம்பி. அப்புறம் கடலோரத்துக்கு டூர் போற கோச்சு. அதெல்லாம் கொழுகொழுன்னு, வெண்ணெயில செஞ்ச மாதிரி வளைஞ்சிருக்கும்.

பொம்மையா?

ஷ்ஷ்! பொம்மைன்னு சொன்னா அந்த வீட்டுப் பெரியவருக்குக் கோவம் வந்துடும். 'மாடல்'னு சொல்லணும். அவர் பேரு சென்னியப்பன். ஈரோடு பஸ் ஸ்டாண்டுல முப்பது வருசம் டைம் கீப்பரா இருந்தவரு. கையில விசிலோட, "எடு எடு, வண்டிய எடு"ன்னு விரட்டிக்கிட்டே இருந்தவரு. ஆனா வீட்டு அலமாரியில மட்டும் ஒரு பஸ்ஸும் ஒரு விரக்கடை நகரக் கூடாது. மூணு சட்டம் போட்டிருந்தார். ஒண்ணு, பஸ்ஸை உருட்டக் கூடாது. ரெண்டு, ஈரம் படக் கூடாது. மூணு, அதோட பெட்டி இல்லாம எந்த பஸ்ஸும் அலமாரிக்குள்ள வரக் கூடாது. வாங்கும்போது வந்த அட்டைப் பெட்டி இருக்கில்ல, அது பஸ்ஸுக்கு வீடு மாதிரி. வீடு இல்லாத பஸ்ஸை அவர் சேத்துக்கவே மாட்டார்.

"அலமாரியக் கட்டியிருக்கலாம், என்னைய எதுக்குக் கட்டினாரோ"ன்னு அவர் சம்சாரம் வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொல்லும். சென்னியப்பனுக்குக் காது கேக்காத மாதிரியே இருக்கும்.

அப்போ அந்த வீட்டுக்கு ஒரு மருமக வந்தா. பேரு தெய்வானை. அவ எந்த ஊரு தெரியுமா? கரூரு. கரூர்லதான் பஸ்ஸுக்கு உடம்பு கட்டுவாங்க. வெறும் எலும்புக்கூடா வர்ற வண்டிக்குத் தகடு அடிச்சு, சீட்டு போட்டு, பெயிண்ட் அடிச்சு, மணப்பொண்ணு மாதிரி அனுப்புவாங்க. அந்த மாதிரி ஒரு பட்டறையில அவங்கப்பா பெயிண்டர். டங்கு டங்குனு தகடு தட்டற சத்தத்துல தூங்கி வளந்தவ அவ.

வந்த புதுசுல ஒருநாள் கண்ணாடி வழியா உத்து உத்துப் பாத்தா. "மாமா, இந்தச் செவப்பு பஸ்ல ஓரமா பெயிண்ட் உரிசல் ஒண்ணு இருக்குங்க. எங்கப்பாகிட்டச் சொன்னா இதே கலர் கலந்து குடுப்பாரு. ஒரே ஒரு தொடு தொட்டுரட்டுங்களா?"

சென்னியப்பன் பதறிப்போயிட்டார். "அய்யோ அம்மிணி! தொட்டுப்போடாத! அன்னைக்கு அந்தச் சீமையில அடிச்ச பெயிண்ட் அதும்மேல இருக்கற வரைக்கும்தான் அது அந்த பஸ்ஸு. நாம ஒரு பொட்டு பெயிண்ட் வெச்சாலும் வேற பஸ்ஸு."

தெய்வானை தலைய ஆட்டிக்கிட்டா. ஆனா அந்த வீட்டுல 'உரிசல்'னு ஒரு வார்த்தையைச் சொல்லி அவரோட பஸ் பேச்சுப் பேசின முதல் ஆளு அவதான். அன்னையிலேருந்து அவருக்கு அவமேல ஒரு தனிப் பிரியம். ஒவ்வொரு பஸ்ஸா காட்டுவார். டூர் கோச்சுல ஒரே மாதிரி ஆறு கலர் உண்டாம். அவர்கிட்ட அஞ்சுதான் இருந்துச்சு. நீலம் மட்டும் இல்ல. இருபது வருசமாத் தேடறார். கடைசியில பொள்ளாச்சியில நஞ்சப்பன்னு ஒருத்தர்கிட்ட அந்த நீலம் இருக்குன்னு தெரிஞ்சுது. அவருக்கு இவர்கிட்ட இருந்த வேற மாதிரிப் பச்சைக் கோச்சு மேல கண்ணு, அது இந்த ஆறுல சேராது. பச்சை உடம்பு, பாலாடை நெறத்துல கூரை, அந்த மாதிரி வேற எங்கயும் கெடைக்காதாம். "பச்சைய நீங்க எடுத்துக்கோங்க, நீலத்த நான் எடுத்துக்கறேன்"னு போன்ல பேச்சு முடிஞ்சுது. வர்ற ஞாயித்துக்கிழமை நஞ்சப்பன் நேர்ல வர்றதா ஏற்பாடு.

ம் எங்க?

ம்...

அதுக்கு நடுவுல சென்னியப்பனுக்குக் கண்ணுல புரை. மகன் அவரைக் கோயமுத்தூருக்கு ஆபரேசனுக்குக் கூட்டிட்டுப் போனான். போறதுக்கு முன்ன அலமாரிச் சாவியை எடுத்தார். சம்சாரத்துகிட்டக் குடுக்கல, தெய்வானை கையில வெச்சார். "ஞாயித்துக்கெழம வரைக்கும் பாத்துக்க அம்மிணி."

அவ்வளவுதான் சொன்னார். அந்தச் சாவியை அவ தாலிக்கொடியில கோத்துக்கிட்டா.

மறுநாள் ஆயுத பூஜை.

கரூர்ப் பட்டறையில ஆயுத பூஜைன்னா சும்மாவா? ஸ்பேனருக்குப் பொட்டு, சுத்தியலுக்குப் பொட்டு, பெயிண்ட் அடிக்கிற துப்பாக்கிக்குப் பொட்டு. நின்ன வண்டி எல்லாத்துக்கும் மாலை, வாழக்கன்னு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம். வண்டி ஒரு உருள் உருண்டா ப்ளிச்! அப்புறம்தான் ரோட்டுக்கே போகும். பூஜை போடாத வண்டியை அவங்கப்பா தொடவே மாட்டார்.

தெய்வானை கண்ணாடிக்குள்ள பாத்தா. நாப்பத்தோரு வண்டி. ஒண்ணுக்குக்கூடப் பொட்டு இல்ல. அவளுக்கு மனசு கேக்கல.

"அத்தை, இதுங்களுக்கும் பூஜை போட்டுரலாங்களா?"

"போடு அம்மிணி. நல்லதுதானே"ன்னு மாமியார் சுண்டல் தாளிச்சுக்கிட்டே சொல்லிடுச்சு.

அவ ஒண்ணும் விளையாட்டுப் புள்ள இல்ல. மூணு சட்டமும் ஞாபகம் இருந்துச்சு. பெட்டியெல்லாம் எடுத்துக் கட்டில் மேல பத்திரமா அடுக்கினா. ஈரம் படக் கூடாதுன்னு சந்தனத்தைத் தண்ணி இல்லாத மாதிரி கெட்டியாக் குழைச்சா. எலுமிச்சம்பழத்துக்கு முன்னால அந்த பஸ்ஸுங்க எம்மாத்திரம்? எலுமிச்சம்பழம் அதுங்க மேல ஏறி நிக்கும்! அதனால கொல்லையில சுண்டைக்காய் பறிச்சா. ஆனா பஸ்ஸை உருட்டக் கூடாதே? யோசிச்சா. சுண்டைக்காயை விரலாலேயே ப்ளிச், ப்ளிச்னு நசுக்கி, ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலயும் வெச்சா. தீக்குச்சி நுனியால கூரையில சந்தனம், அதும்மேல குங்குமம். நாப்பது பஸ்ஸுக்கும் வெச்சாச்சு. கடைசியா பச்சைக் கோச்சு. அதுக்குள்ள கிண்ணத்துல சந்தனம் காஞ்சுபோச்சு. ரெண்டே ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டா.

ரெண்டே சொட்டுதான்.

கற்பூரம் காட்டினா. மாமியார் கன்னத்துல போட்டுக்கிச்சு. சாயங்காலம் ஒவ்வொண்ணா தொடைச்சு உள்ள வெச்சா. நாப்பது பஸ்ஸும் பளபளன்னு வந்துடுச்சு. பச்சைக் கோச்சு வரல. அந்தப் பாலாடைக் கூரையில நடுமத்தியில, ரோசா நெறத்துல, ஒரு கடுகளவு கறை.

தெய்வானை கோச்சை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனா.

முதல்ல காஞ்ச பிரஷ்ஷால தேச்சுப் பாத்தா. சரக் சரக். போகல.

அப்புறம் பஞ்சை நனைச்சு, பிழிஞ்சு பிழிஞ்சு, ஒத்தி ஒத்தி எடுத்தா. பஞ்சு செவந்துச்சு, கறை கொஞ்சம் வெளிறுச்சு. போகல.

அப்புறம் தேங்காய் எண்ணெய் ஒரு துளி. கறை பளபளன்னு ஆச்சே தவிர, போகல.

மாமியாரைக் கூப்பிட்டா. மாமியார் வந்து பாத்துச்சு. "எனக்கென்ன தெரியும்? நான் கண்ணாடிகூடப் போட்டுக்கல"ன்னு சொல்லிட்டு, சுண்டல் கிண்ணத்தோட பக்கத்து வீட்டுக்குப் போயிடுச்சு.

கெட்ட அத்தை.

கெட்டவங்க இல்ல, பயந்தவங்க. அப்போ தெய்வானை அவங்கப்பாவுக்குப் போன் பண்ணினா. "அப்பா, பாலாடை மாதிரி ஒரு கிரீம் கலரு..." அவர் சிரிச்சார். "இதுக்குப் போயி அழுவியா சாமி? வெள்ளையில ஒரு சொட்டு மஞ்சள், மொளகு நுனி அளவு பழுப்பு. ஊசிப் பிரஷ்ஷால ஒரு பொட்டு வையி. கடவுளே வந்து பாத்தாலும் தெரியாது." அவர் சொன்னாச் சொன்னதுதான். அவ கையும் அவர் கைதான். கரூர்ல ஓடற பாதி பஸ்ல அவ இழுத்த கோடு இருக்கு.

பீரோவுல அவ கரூர்லேருந்து கொண்டு வந்த பழைய பெயிண்ட் டப்பிங்க இருந்துச்சு. தொறந்தா. டொக். கலந்தா. அதே நெறம் வந்துடுச்சு, அச்சு அசலா. பிரஷ்ஷைத் தொட்டு எடுத்தா. கறைக்கு மேல கொண்டு போனா. ஒரு நூல் இடைவெளிதான்.

அப்போ சென்னியப்பன் பதறின பதறல் காதுல கேட்டுச்சு. நாம ஒரு பொட்டு வெச்சாலும் வேற பஸ்ஸு.

பிரஷ் நுனியில பெயிண்ட் காயற வரைக்கும் அப்படியே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அப்புறம் டப்பிங்கள மூடிட்டா.

தூங்கிட்டியா?

இல்ல... சொல்லு.

மறுநாள் சென்னியப்பன் வந்தார். கண்ணுல கறுப்புக் கண்ணாடி. ஒரு வாரம் குனியக் கூடாது, எதையும் உத்துப் பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். செருப்பைக்கூடக் கழட்டல, அலமாரிகிட்டப் போயி நின்னார். "எனக்கு எல்லாம் வெளுப்பாத் தெரியுது அம்மிணி. நீதான் பாத்துச் சொல்லோணும். பச்சைக் கோச்சு எப்படி இருக்கு?"

பாத்தியா? அவருக்குத் தெரியவே தெரியாது. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

தெய்வானை சாவியைக் கழட்டி அவர் கையில வெச்சா. "மாமா, கூரையில கறை ஆயிருச்சுங்க. நான்தான் பண்ணிப்போட்டேன். ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சேனுங்க."

"எந்த பஸ்ஸுக்கு?"

"எல்லாத்துக்குமேங்க."

சென்னியப்பன் செருப்பைக் கழட்டினார். கட்டில்ல போயி மல்லாந்து படுத்துக்கிட்டார். அவளைத் திட்டியிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு அவளுக்கு.

ஆனா கண்ணுக்கு மருந்து ஊத்தணுமே? அது தெய்வானை வேலைதான். முதல் நாள் போனா, இமையை விலக்கினா, சொட்டு. அவர் கண்ணை மூடிக்கிட்டார். அவ மருந்தை மூடி எடுத்துக்கிட்டுப் போயிட்டா. ரெண்டாம் நாள் இமையை விலக்கினா, சொட்டு. "சக்கரத்துக்கு என்ன வெச்ச?"ன்னு கேட்டார். "சுண்டைக்காய்ங்க மாமா." "உருட்டுனியா?" "இல்லீங்க. கையிலயே நசுக்கி வெச்சேன்." அவர் உதடு ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. சிரிப்பா வலியான்னு தெரியல. மூணாம் நாள் இமையை விலக்கினா, சொட்டு. "பெயிண்டரு மக ஆச்சே. மறைக்கோணும்னு தோணலயா?" அவ சட்டுனு அவர் மொகத்தைப் பாத்ததுல, மருந்து கன்னத்துல ஓடிடுச்சு. "தோணுச்சுங்க. கலரும் கலந்துட்டேன். வெக்கல." அவர் கன்னத்தைத் தொடைச்சுக்கிட்டு, "இன்னொரு சொட்டு ஊத்து, இது வீணாப்போச்சு"ன்னார்.

அப்புறம் ஞாயித்துக்கிழமையும் வந்துச்சு. வாசல்ல டக் டக்குனு செருப்புச் சத்தம். நஞ்சப்பன் வந்துட்டார். பெரிய மீசை. பொள்ளாச்சிப் பக்கம் பதினோரு நிஜ பஸ் ஓட்டறவர். ஒரு கையில துணிப்பை, சட்டைப் பையில பூதக்கண்ணாடி. காப்பியைக் குடிச்சுட்டுப் பையிலேருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்தார். பெட்டியைத் தொறந்து நீலக் கோச்சை மேசை மேல வெச்சார்.

அதோட நீலம் எப்படி இருந்துச்சுன்னா, பவானி ஆத்துல விடியக்காலையில தண்ணி இருக்குமே, அந்த நீலம். சென்னியப்பன் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டிட்டார். டாக்டர் சொன்னதெல்லாம் எங்கயோ போச்சு.

அப்புறம் அவரே பச்சைக் கோச்சை எடுத்து முன்னால வெச்சார். "நீங்க பாக்கறதுக்கு முன்ன நானே சொல்லிப்போடறேனுங்க. கூரையில கறை இருக்கு."

நஞ்சப்பன் பூதக்கண்ணாடியை எடுத்தார். கண்ணு அதுக்குள்ள முட்டை மாதிரி பெருசாச்சு. "என்னதுங்க இது? ரோசாப்பூ கலர்ல?"

"குங்குமம்."

"குங்குமமா?"

"எங்க மருமக ஆயுத பூஜை போட்டுப்போட்டா."

நஞ்சப்பன் சமையக்கட்டு வாசலைப் பாத்தார். தெய்வானை கதவை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அவர் தொடையில தட்டிக்கிட்டார். "நல்லாருக்குதே! பதினோரு வண்டிக்கும் வருசா வருசம் நானே நின்னு பூஜை போடறேன். எங்க வீட்டு அலமாரியில இருக்கறதுங்களுக்கு எனக்குத் தோணலீங்களே!" அவர் சிரிச்ச சிரிப்புல காப்பி டம்ளர் ஆடிச்சு. தெய்வானைக்குக் கொஞ்சம் உசிரு வந்துச்சு.

ஆனா சிரிப்பு நின்னதும் அவர் பச்சையை இப்படியும் அப்படியும் திருப்பினார். "ஆனாலும் பழுது பழுதுதானுங்க. கறையில்லாத பஸ்ஸுக்குத்தான் நாம பேசினது."

"அது நெசந்தானுங்க"ன்னார் சென்னியப்பன்.

"சும்மா திரும்பிப் போறதுக்கும் மனசு வரல. ஒண்ணு பண்ணலாமுங்களா? பச்சைய அதோட பெட்டியோட நான் எடுத்துக்கறேன். நீலத்த நீங்க வெச்சுக்கோங்க. ஆனா நீலத்தோட பெட்டி எங்கிட்டயே இருக்கட்டும். எங்கிட்ட இன்னொரு நீலம் பெட்டி இல்லாமக் கெடக்குது."

நஞ்சப்பன் நீலத்தோட பெட்டியைத் தன் பக்கம் நகத்தி வெச்சுக்கிட்டார். தெய்வானை கதவை விட்டுட்டு ஒரு அடி முன்னால வந்தா. பெட்டி இல்லாத பஸ்ஸு! இருபது வருசம் தேடின பஸ்ஸு, வீடு இல்லாம வருது, அவ வெச்ச பொட்டால. அவர் வேண்டாம்னுதான் சொல்லுவார். சட்டம் போட்டவரே அவர்தானே?

சென்னியப்பன் நீலக் கோச்சையே பாத்துக்கிட்டு இருந்தார். "சரிங்க"ன்னார்.

நஞ்சப்பன் பச்சையை அதோட பெட்டிக்குள்ள வெச்சு, நீலத்தோட காலிப் பெட்டியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, "வர்றேனுங்க அம்மிணி"ன்னு தெய்வானைகிட்டயும் சொல்லிட்டுப் போயிட்டார்.

ம்?

...ம்.

மேசை மேல நீலக் கோச்சு தனியா நின்னுச்சு. மாமியார் வந்து, "அதான் வந்துருச்சில்ல, உள்ள வெச்சுப் பூட்டுங்க. சோறு போடோணும்"னுச்சு.

"உள்ள வெக்க முடியாது. பெட்டி இல்ல"ன்னார் சென்னியப்பன்.

"பின்ன எங்க வெப்பீங்க?"

"தெரியல. இங்கயே இருக்கட்டும்."

"மாமா, மன்னிச்சுக்கோங்க"ன்னா தெய்வானை.

"உக்காரு அம்மிணி. சோறு ஆறுது."

மகன் வெளியூர் போயிருந்தான், மூணு பேரும் அந்த மேசையிலேயே உக்காந்தாங்க. சாதம் ஒரு பக்கம், ரசம் ஒரு பக்கம், நடுவுல நீலக் கோச்சு. எல்லாரும் அதையே பாத்துக்கிட்டு சாப்பிட்டாங்க. அலமாரிக்குள்ள இருக்கற பஸ்ஸை இவ்வளவு கிட்டப் பாக்க முடியாது பாரு, கண்ணாடி மறைக்கும். இது மூச்சுக் காத்துப் படற தூரத்துல நின்னுச்சு. ஜன்னல் வழியா அந்தப் பக்கத்து ரசக் கிண்ணம் தெரிஞ்சுது.

அப்போ சென்னியப்பன் இடது கை ஆள்காட்டி விரலை நீட்டினார். கோச்சோட முதுகுல வெச்சார். மெதுவாத் தள்ளினார்.

டுர்ர்ர்ர்...

அந்த வீட்டுல ஒரு பஸ்ஸு ஓடினது அதுதான் முதல் தடவை. உப்புக் கிண்ணத்தைச் சுத்தி, ஒரு பருக்கை மேல ஏறி இறங்கி, நேரா தெய்வானை தட்டுகிட்ட வந்து நின்னுச்சு.

அவ நிமிந்து பாத்தா. அவர் ரசத்தை ஊத்திக்கிட்டு இருந்தார், ஒண்ணுமே நடக்காத மாதிரி. "என்ன அம்மிணி, வண்டிய அங்கயே நிறுத்திப்போட்ட?"ன்னார்.

அவ கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, ஒரு விரலால திருப்பி, அத்தை பக்கம் தள்ளினா. டுர்ர்ர்ர்.

மாமியார் அதைக் கப்புனு பிடிச்சுக்கிச்சு. முப்பத்தஞ்சு வருசத்துல அது கை ஒரு பஸ் மேலயும் பட்டதில்ல. தூக்கி, மூக்குகிட்ட வெச்சு, உள்ள எட்டிப் பாத்துச்சு. "ஏனுங், எல்லாச் சீட்டும் காலியாத்தான் இருக்குது. எனக்கு ஜன்னலோரம்."

அவ்வளவுதான், கண்ணு. அவங்க ஏறிட்டாங்க, வண்டி கெளம்பிடுச்சு. கதையும் ஊர் போய்ச் சேந்தாச்சு. நீ தூங்கு.